குரூப்பி: இரண்டாம் பொருள்

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. பாத்திரங்களை அப்படியே போட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போனேன். அங்கே தண்ணீர் வந்தது. மற்றதெல்லாம் வழக்கம்போலக் கெட்டுக் கிடந்தது.

வெள்ளிக்கிழமை ஆண்டு விழாவில் எடுத்த படத்தை இசக்கியம்மாள் கல்லூரியின் ஃபேஸ்புக் பக்கத்தில் ஏற்றியிருக்கிறாள். நடுவில் செயலர், கழுத்தில் சந்தன மாலை. சுற்றிலும் ஆங்கிலத் துறைப் பெண்கள் ஆறு பேர். கையை நீட்டிப் படம் எடுத்தவள் அவள் என்பதால் அவள் முகம்தான் பெரிது. நான் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்கிறேன். ஒரு காது, ஒரு ஜிமிக்கி, ஒரு தோள். படத்துக்கு மேலே ஆங்கிலத்தில் ஒரு வரி: 'குரூப்பி வித் அவர் பிலவ்ட் செக்ரட்டரி சார்.' இருநூறு பேருக்கு மேல் விருப்பக்குறி போட்டிருக்கிறார்கள். மாணவிகள் இதயம் இதயமாக இறைத்திருக்கிறார்கள்.

இந்தப் பெண் வந்து இரண்டு வருடம் ஆகிறது. இருபத்தொன்பது வயது. முனைவர் பட்டம். அம்மா பீடி சுற்றுகிறவர். அதை இவள் வகுப்பிலேயே சொல்லுவாள், ஏதோ பதக்கம் போல. ஊழியர் அறையில் எல்லார் முன்னாலும் என்னை 'எக்கா' என்று கூப்பிடுகிறாள். 'மேடம்' என்று சொல்லச் சொல்லி இரண்டு முறை திருத்திவிட்டேன். "சரிக்கா" என்கிறாள்.

எனக்கு இங்கே பதினேழு வருடம். சுயநிதிப் பிரிவில் ஒவ்வொரு ஜூனிலும் புதிதாக ஒரு நியமன ஆணை. ஒவ்வொரு ஏப்ரலிலும் அது செத்துப்போகும். பிரின்சிபால் ஞானசௌந்தரி மேடம் எங்கள் துறைக்காரர். மே மாதம் ஓய்வு பெறுகிறார். அவர் இருக்கும் இடம் அரசு உதவி பெறும் நிரந்தரப் பணியிடம். பதினேழு வருடத்தில் எங்கள் துறையில் காலியாகிற முதல் இடம் அது. எனக்கு இல்லையென்றால் யாருக்கு? 'டாக்டரேட் இருந்தா நல்லது' என்று செயலர் சொன்னதாக ஒரு பேச்சு.

'குரூப்பி' என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் என்ன பொருள் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. சொல்வது என் வேலை இல்லை. முனைவர் அவள்தானே.

பிப்ரவரி 4, செவ்வாய்

மாவு புளித்துவிட்டது. மதியம் நூலகத்துக்குப் போனேன். முதலாண்டு மாணவிகளுக்கு முன்னொட்டு, பின்னொட்டு நடத்த வேண்டும்.

பிப்ரவரி 6, வியாழன்

கல்லூரியே கொதித்துக் கிடக்கிறது.

நேற்று செயலரின் வீட்டுக்குத் தபாலில் ஓர் உறை வந்திருக்கிறது. அனுப்பியவர் பெயர் இல்லை. உள்ளே அகராதிப் பக்கம் ஒன்றின் ஜெராக்ஸ். 'குரூப்பி' என்ற சொல்லுக்குக் கீழே சிவப்புக் கோடு. பாட்டுக் குழுக்காரர்கள் போகும் ஊரெல்லாம் பின்னாலேயே போய், அவர்களோடு படுக்கைவரை நெருங்கத் துடிக்கும் இளம்பெண் என்பது பொருள். உறையைப் பிரித்தது செயலர் அல்ல, அவர் மனைவி. அந்த அம்மாள் ஆங்கிலம் அறிந்தவர். அறியாதவராக இருந்திருந்தால் இந்த ஊருக்கே நல்லதாக இருந்திருக்கும்.

பிரின்சிபால் எங்கள் ஆறு பேரையும் கூப்பிட்டு நிறுத்தி வைத்தார். உட்காரச் சொல்லவில்லை.

"இதுல இருக்குற அர்த்தம் உனக்குத் தெரியுமா தெரியாதா?"

இசக்கி தாளை வாங்கிப் பார்த்தாள். சிரித்துவிட்டாள். அவளுக்குச் சிரிக்கக் கூடாத இடம் என்று ஒன்று கிடையாது.

"மேடம், ஒருத்தர் எடுத்தா செல்ஃபி, குரூப்பா எடுத்தா குரூப்பி. எல்லாரும் அப்படித்தான மேடம் சொல்லுதாவ?"

"எல்லாரும்னா யாரு?"

"எல்லாருந்தான்." சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "எக்கா, நீங்க சொல்லுங்க."

ஆறு முகங்கள் என்னைப் பார்த்தன. அவளுக்கு ஏன் நான்தான் கிடைத்தேன்?

"அகராதியில அப்படி இல்ல," என்றேன்.

அது உண்மை. அகராதியில் அப்படி இல்லை.

படத்தை நீக்கிவிட்டார்கள். ஊழியர் அறையில் யார் அனுப்பியிருப்பார் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயர் சொன்னார்கள். கணிதத் துறை என்றார்கள். பழைய மாணவி ஒருத்தி என்றார்கள். யார் அனுப்பினால் என்ன? பிழையைச் செய்தவளை விட்டுவிட்டுக் காட்டியவரைத் தேடுகிற ஊர் இது.

பிப்ரவரி 7, வெள்ளி

இவர் சாப்பிடும்போது கேட்டார். இவர் வேலை பார்க்கும் மின்வாரிய அலுவலகம்வரை செய்தி போய்விட்டது.

"ஏட்டி செம்பகம், உங்க காலேஜ்ல என்னமோ கெட்ட வார்த்தையாமே?"

"கெட்ட வார்த்தை இல்ல. தப்பான வார்த்தை."

"அந்தப் பிள்ள வேல போயிருமோ?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"ஒனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? ரெண்டு நாளா மூஞ்சியில ஒரு தெளிச்சி இருக்கே. நல்லா தூங்குத போல."

"ரசம் போடவா?"

"போடு, போடு. ரசமும் இன்னைக்கு நல்லாத்தான் இருக்கு."

இந்த மனிதருக்குப் பேச்சில் குத்தாமல் ஒரு கவளம் இறங்காது.

பிப்ரவரி 10, திங்கள்

இசக்கிக்கு மெமோ கொடுத்துவிட்டார்கள். மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு: பிரின்சிபால், செயலர், வேதியியல் துறைத் தலைவர். வெள்ளிக்கிழமை கூடுகிறது. மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்கிறார்கள். அவள் 'எதுக்கு மன்னிப்பு?' என்று கேட்டாளாம்.

மதியம் பிரின்சிபால் என்னை மட்டும் கூப்பிட்டார். இந்த முறை உட்காரச் சொன்னார். ஃப்ளாஸ்கிலிருந்து டீயும் ஊற்றினார். பதினேழு வருடத்தில் அந்த ஃப்ளாஸ்க் எனக்காகத் திறந்தது இதுதான் முதல் தடவை.

"செம்பகவல்லி, குழுவுக்கு ஒரு பாஷை எக்ஸ்பர்ட் வேணும். வெளிய போனா நாறிப்போயிரும். அந்தச் சொல்லு எங்கேருந்து வந்துது, அந்தக் கடைசியில வர்ற வால் என்ன, அதுக்கு என்ன அர்த்தம்? ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடுங்க. உங்க பேப்பர வச்சுத்தான் முடிவு."

"நான் அந்தப் படத்துல இருக்கேன் மேடம்."

"பாதிதான இருக்கீங்க?"

அவர் கிண்டலாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. எழுந்தபோது இன்னொன்றும் சொன்னார். "மே மாசம் வரப்போவுது. நிதானமான ஆளு யாருன்னு மேல உள்ளவங்க பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க."

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூச விடுமுறை. கோயிலுக்குப் போகவில்லை. துணி ஊறவைத்தேன், துவைத்தேன். பரணில் ஒட்டடை அடித்தேன்.

பிப்ரவரி 12, புதன்

அறிக்கையை எழுதி முடித்துவிட்டேன். மூன்று பக்கம். எம்.ஃபில் முடித்த பிறகு இவ்வளவு ஆசையாக எதையும் எழுதியதில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ளலாம்.

அந்தச் சின்ன '-ஈ' பெரிய பயணக்காரி. ஸ்காட்லாந்துக்காரர்கள்தான் அதை முதலில் பெயர்களின் வாலில் ஒட்டினார்கள். பிள்ளையின் பெயரைச் சுருக்கி, கடைசியில் ஓர் 'ஈ' போட்டால் கொஞ்சல். பிறகு அது பெயரிலிருந்து இறங்கிச் சின்னப் பறவைக்கும் நாய்க்குட்டிக்கும் அத்தைக்கும் ஒட்டிக்கொண்டது. 'ஆன்ட்' என்றால் உறவு, 'ஆன்ட்டி' என்றால் செல்லம். நம் ஊர்க் கடைத்தெருவில் அதே 'ஆன்ட்டி' வேறு எதற்கோ ஆகிவிட்டது. அது தனிக்கதை. ஒருவரைச் சிறியவராக்கினால் கொஞ்சலாம். சிறியவராக்கினால் ஏளனமும் செய்யலாம். ஆகவே அதே வால் போதைக்கு அடிமையானவனுக்கும் சூதாட்டத் தரகனுக்கும் தலைமுடி வளர்த்துத் திரிந்தவனுக்கும் முளைத்தது: ஜங்கி, புக்கி, ஹிப்பி. ஆஸ்திரேலியர்கள் கண்ணில் பட்டதற்கெல்லாம் அதை ஒட்டினார்கள். 'செல்ஃபி' என்ற சொல்லும் அங்கே ஓர் இணைய அரட்டையில்தான் முதலில் தென்பட்டதாகச் சொல்கிறார்கள்.

எழுதும்போது எங்கள் ஊர் 'ட்டி' நினைவுக்கு வந்தது. வாட்டி, என்னட்டி, ஏட்டி. அம்மா மகளைச் சொன்னால் கொஞ்சல். பேருந்து நிலையத்தில் எவனாவது சொன்னால் செருப்பைக் கழற்ற வேண்டும். இவர் என்னைச் சொல்வது எந்த வகை என்று இருபத்து மூன்று வருடமாக எனக்கு விளங்கவில்லை. இதை அறிக்கையில் சேர்க்கவில்லை.

'குரூப்பி' பற்றிக் கடைசிப் பத்தியில் எழுதினேன். அறுபதுகளின் பாட்டுக் குழுக்கள், அவர்களின் பின்னால் போன பெண்கள், அந்த '-ஈ'யில் உள்ள இளக்காரம். முடிவாக: 'குழுவாக எடுத்த படம் என்ற பொருளுக்கு அச்சிட்ட அகராதிகளில் நான் ஆதாரம் காணவில்லை.' காணவில்லை என்பதுதான் உண்மை. ஆகவே அதையே எழுதினேன். என் அறிக்கையில் ஒரு பிழைகூடக் கிடையாது.

பிப்ரவரி 13, வியாழன்

மகள் கோமு ஹாஸ்டலிலிருந்து பேசினாள். அவள் அப்பா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் போல.

"அம்மா, அந்த மேடம் மேல என்ன தப்பு?"

"பெரியவங்க விசயம். நீ படி."

"குரூப்பின்னா குரூப் போட்டோம்மா. நீயே போட்டிருக்கேல்ல?"

"நான் எப்போ போட்டேன்?"

"கொடைக்கானல் ஸ்டாஃப் டூர் போனியே, அப்போ. 'குரூப்பி அட் கோக்கர்ஸ் வாக்'னு. நாலு வருசத்துக்கு முன்னாடி. ஃபேஸ்புக்ல இன்னும் கிடக்கு."

"அது நீ போட்டுக் கொடுத்தது."

"நான் ஃபோட்டோதான் ஏத்தினேன். எழுதுனது நீதான். 'என்னட்டி, ஒத்த ஆளுன்னா செல்ஃபி, இத்தன பேருக்கு என்ன?'ன்னு கேட்ட. நான் சொன்னேன். ஆகான்னு சொல்லி நீயே டைப் பண்ணுன."

"எனக்கு ஞாபகம் இல்ல."

"அம்மா."

"குழம்பு அடி பிடிக்குது. வைக்கேன்."

சாயங்காலம் ஃபேஸ்புக்கில் பழைய படங்களை ஒழுங்குபடுத்தினேன். தேவையில்லாதவை நிறையச் சேர்ந்துவிட்டன. குழம்பு அடி பிடிக்கவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். எனக்கே பின்னால் மாற்றிச் சொல்லத் தோன்றக்கூடும்.

பத்தரைக்குக் கூடினோம். பிரின்சிபால் அறை, நீள மேசை. செயலர் நடுவில் உட்கார்ந்திருந்தார். எண்ணெய் மில் முதலாளி, அறுபது தாண்டியவர். தன் முகத்தைத் தானே நம்பாதவர் போல அடிக்கடி துண்டால் துடைத்துக்கொண்டார். வேதியியல் தலைவர் வந்ததிலிருந்து மேசை விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். இசக்கி நின்றாள். எனக்கு நாற்காலி இருந்தது.

நான் அறிக்கையை வாசித்தேன். செயலருக்கு ஸ்காட்லாந்தில் பொறுமை போய்விட்டது.

"அம்மா, வாலெல்லாம் கெடக்கட்டும். எம் பொண்டாட்டி ஒரு வாரமா எங்கிட்ட பேசல. அவ தம்பி மவன் அமெரிக்காவுல இருக்கான். போன்ல இந்த வார்த்தையச் சொல்லி என்னடான்னு கேட்டா, அவன் நிறுத்தாம சிரிக்கான். இந்த வயசுல எனக்கு இது தேவையா?"

பிரின்சிபால் இசக்கியைப் பார்த்தார். "சொல்லு."

"மேடம், முதல்ல அந்த ஜெராக்ஸ நான் ஒருக்கா பாக்கணும்."

கொடுத்தார்கள். அவள் அதை மேசையின் நடுவில் வைத்து விரலால் ஓர் இடத்தைத் தொட்டாள்.

"இதுல சொல்லுக்குக் கீழ எடுத்த எடுப்புலயே 'ரெண்டு'ன்னு நம்பர் போட்டிருக்கு. ஒண்ணு எங்க?"

வேதியியல் தலைவர் முதல்முறையாக நிமிர்ந்தார்.

"ஜெராக்ஸ் எடுக்கும்போது பக்கம் மடிஞ்சிருக்கலாம்," என்றேன் நான்.

"மடிஞ்சா ஓரம் போகும். இது நடுவுல போயிருக்கு. யாரோ ஒரு துண்டுத் தாள ஒட்ட வெட்டி மேல வச்சு எடுத்திருக்காவ." அவள் என்னைப் பார்க்கவில்லை. "லைப்ரரியில அந்தப் பெரிய அகராதி இருக்கு. கொண்டு வரச் சொல்லுங்க."

நூலகர் தங்கபுஷ்பம் மேடம் அகராதியைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி வந்தார். பிரின்சிபாலே பிரித்து வாசித்தார். முதல் பொருள்: பிரிட்டிஷ் விமானப்படையில் குரூப் கேப்டன் பதவியில் இருப்பவரை வீரர்கள் அழைக்கும் செல்லப் பெயர். உலகப்போர்க் காலத்து வழக்கு.

செயலரின் துண்டு பாதி வழியில் நின்றது.

"அப்போ நான் கேப்டனா?"

"அது வந்து, சார்..." என்று வேதியியல் இழுத்தார்.

"அகராதியில இருக்கா இல்லையா?"

"இருக்கு சார்."

"மொத அர்த்தமே அதானே? அந்த நாறப்பய அர்த்தம் ரெண்டாவதுதான?"

பத்து நிமிடத்தில் எல்லாம் மாறிவிட்டது. செயலர் இளகிவிட்டார். நம் குழுவின் கேப்டன் என்ற மரியாதையில்தான் அந்த வரி எழுதப்பட்டது என்று குழு முடிவெடுக்கும். மொழி வல்லுநரும் அதையே எழுதித் தருவார். இசக்கி 'ஆமாம்' என்று கையெழுத்துப் போட்டால் போதும். செயலர் அந்தத் தாளைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோவார்.

பிரின்சிபால் என்னைப் பார்த்தார். "எழுதிருவீங்கள்ல?"

தங்கபுஷ்பம் மேடம் இன்னும் கதவருகே நின்றிருந்தார். "மேடம், இந்த அகராதிய இந்த மாசம் யார் யார் எடுத்தான்னு ரெஜிஸ்டர்ல இருக்கு. கொண்டு வரட்டா?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார்.

"ரெஜிஸ்டர் எம் பீரோவுல இருக்கட்டும்," என்றார் பிரின்சிபால், என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "சாயங்காலம் கொண்டாந்து வச்சிருங்க."

"எழுதிருதேன்," என்றேன்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். அந்தப் பெண் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தால் அவளுக்கும் ஒன்றுமில்லை, எனக்கும் ஒன்றுமில்லை. அவள் போடவில்லை.

"கேப்டன்னு நான் எழுதல."

"எழுதலன்னா என்ன? எழுதுனேன்னு சொல்லு," என்றார் செயலர். "ஒனக்கு நல்லதுதான பண்ணுதோம்?"

"சார், எனக்கு அந்த அர்த்தம் நேத்து லைப்ரரியில பாத்துத்தான் தெரியும். ஒண்ண மறைச்சிருக்காவன்னு காட்டத்தான் புஸ்தகத்த எடுக்கச் சொன்னேன், அதுக்குள்ள ஒளிஞ்சிக்கிட இல்ல. செல்ஃபியில இருக்க அதே 'ஈ'தான் சார் நான் போட்டது. எங்க அம்மைக்குக்கூடத் தெரிஞ்ச வார்த்தை. அதத் தப்புன்னு சொல்லுங்க, அகராதியில இல்லைன்னு சொல்லுங்க, கேட்டுக்கிடுதேன். நான் நினைக்காத அர்த்தத்த நினைச்சேன்னு கையெழுத்துப் போட்டுட்டு, பிள்ளைங்க முன்னால போய் எப்படி இங்கிலீஷ் நடத்துவேன்?"

"திமிரு," என்றார் செயலர். இளகியவர் மறுபடி இறுகுவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்போதுதான் அவள் என்னிடம் வந்தாள். மேசையைச் சுற்றி வந்து, என் நாற்காலிக்கு ஒரு கை தூரத்தில் நின்றாள்.

"எக்கா, நீங்க பாஷை படிச்சவிய. இப்படி ஒரு வழக்கு நம்ம ஊர்ல இருக்கா இல்லையா? புஸ்தகத்த விடுங்க. நீங்க உங்க காதால கேட்டதே இல்லையா?"

அறிக்கை என் மடியில் இருந்தது. மூன்று பக்கம், ஒரு பிழையும் இல்லாமல்.

"நான் கேட்டதில்ல," என்றேன்.

அவள் என் நாற்காலியை விட்டு விலகினாள். பிறகு "சரி மேடம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். திருத்தியது இத்தனை நாள் கழித்து மண்டையில் ஏறியிருக்கிறது.

கேப்டன் அறிக்கையை அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். அரைப் பக்கம். செயலர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பிப்ரவரி 15, சனி

சமைக்கவில்லை. மோர் மட்டும் குடித்தேன்.

மார்ச் 3, திங்கள்

செயலர் வீட்டில் சமாதானமாம். 'கேப்டன்' என்று அந்த அம்மாளே கேலியாகக் கூப்பிடுகிறாராம். ஊழியர் அறையில் எல்லாரும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். இசக்கியும் அங்கேதான் இருந்தாள், விடைத்தாள் திருத்திக்கொண்டு. அவள் சிரிக்கவில்லை. அவள் சிரிக்காமல் இருந்து நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

அவளுடைய மேசை என் மேசைக்கு எதிரில். யாராவது மாற்றிப் போட்டால் நன்றாக இருக்கும். வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது.

ஏப்ரல் 25, வெள்ளி

இசக்கியின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. காரணம் எதுவும் எழுதவில்லை. காரணம் எழுத வேண்டியதில்லை என்பதுதான் சுயநிதிப் பிரிவின் சட்டம். மாணவிகள் சிலர் பிரின்சிபால் அறை வாசலில் போய் நின்றார்கள். பரீட்சை வருகிறது, வகுப்புக்குப் போங்கள் என்று நான்தான் அனுப்பி வைத்தேன். ஒருத்தி போகும்போது என்னை முறைத்தாள். பெயரைக் குறித்து வைத்திருக்கிறேன்.

பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டார். நிரந்தரப் பணியிடத்துக்கு என் பெயரை நிர்வாகக் குழு ஒருமனதாக முடிவு செய்திருக்கிறது. ஜூனிலிருந்து துறைத் தலைவர் பொறுப்பும் என்னிடம்.

"ரொம்ப நன்றி மேடம்."

"எனக்கெதுக்கு நன்றி? உங்க உழைப்பு." பீரோச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார். "எனக்கப்புறம் இந்த ரூமுக்கு வரப்போறது செயலரோட தங்கச்சி மவ. எல்லாத்தையும் அவ கையில ஒப்படைச்சிட்டுத்தான் போவேன். பழைய ரெஜிஸ்டர் உட்பட. நீங்க கவலப்படாண்டாம்."

வீட்டுக்கு வரும் வழியில் இனிப்பு வாங்கினேன். இவர் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றுகொண்டே கேட்டார்.

"அந்தப் பிள்ள என்ன செய்வா?"

"படிச்சவதான. எங்கேயாவது கிடைக்கும்."

"ஒனக்குப் பதினேழு வருசம் எங்கயும் கிடைக்கலயே ஏட்டி."

இனிப்புப் பெட்டியை மூடி உள்ளே வைத்தேன். கோமுவுக்கு ஃபோன் செய்தேன். எடுத்தாள். "சந்தோசம்மா" என்றாள். உடனே வைத்துவிட்டாள்.

ஜூன் 16, திங்கள்

கல்லூரி திறந்து முதல் நாள். மூன்றாமாண்டு மாணவிகள் இருவர் மாலை போட வந்தார்கள். மற்றவர்கள் வரவில்லை. வெயில் அதிகம்.

சாயங்காலம் வீட்டு வாசலில் இசக்கி வந்து நின்றாள். ஒல்லியாகியிருக்கிறாள். கையில் பிளாஸ்டிக் உறை, அதற்குள் ஒரு படிவம். உள்ளே வரச் சொன்னேன். செருப்பைக் கழற்றாமல், வாசல் நாற்காலிக்குப் பக்கத்தில் படியிலேயே நின்றாள்.

"கோயில்பட்டியில ஒரு ஸ்கூல்ல கேட்டிருக்கேன் மேடம். அனுபவச் சான்று வேணும்னாவ. ஆபீஸ்ல போனேன், துறைத் தலைவர் எழுதித் தரணுமாம். பிரின்சிபால் அதுக்குமேல சீல் போடுவாவளாம்."

வாங்கிப் பார்த்தேன். பெயர், பணிக்காலம், நடத்திய பாடங்கள் எல்லாம் அவளே நிரப்பியிருந்தாள். ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது. 'நடத்தை'.

"அது மட்டும் நீங்க எழுதணும்," என்றாள்.

பேனா தேடுவது போல உள்ளே போய் வந்தேன். பேனா என் கையிலேயே இருந்தது.

"இசக்கி, அன்னைக்கு நீ ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. உன் நல்லதுக்குத்தான் எல்லாரும்..."

"மேடம், அந்த ரெஜிஸ்டர நான் விசாரணைக்கு முந்தின நாளே பாத்துட்டேன். பிப்ரவரி நாலு. உங்க கையெழுத்து ஒண்ணுதான் இருந்துது."

பக்கத்து வீட்டில் யாரோ மிக்ஸி போட்டார்கள். அது நிற்கும்வரை பேனா மூடியைக் கழற்றி மாட்டினேன்.

"முன்னொட்டு, பின்னொட்டு பாடத்துக்காக எடுத்தேன்," என்றேன்.

"சரி."

"அப்படியே நீ நினைச்சிருந்தா, ஏன் குழுவுல சொல்லல?"

அவள் சிரித்தாள். பழைய சிரிப்பு இல்லை.

"சொல்லியிருந்தா ரெண்டு பேரையும் சேத்துத் தூக்கிட்டு அவங்க ஆளு யாரையாவது உக்கார வச்சிருப்பாவ. அது தெரியாத அளவுக்கு நான் மக்கு இல்ல. ஒருத்திக்காவது கிடைக்கட்டும்னு விட்டேன். உங்க மேல இருக்க பாசத்துல இல்ல. அவங்களுக்குக் கிடைக்கக்கூடாதுன்னு." என் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தாள். "ஆனா எக்கான்னு கூப்பிட்டுக் கேட்டேன் பாருங்க, அதுக்காவது வாய் தவறியாச்சும் ஆமான்னு சொல்லுவியன்னு நினைச்சேன். எழுதுங்க மேடம், பஸ்ஸு போயிரும்."

இந்த மாதிரிக் கட்டத்தில் போடும் சொற்களுக்கு ஒரு படிக்கட்டு உண்டு. துறையில் எல்லாருக்கும் அது தெரியும். 'திருப்தி' என்றால் எடுக்காதே. 'நன்று' என்றால் உன் இஷ்டம். 'மிக நன்று' என்றால் எடு. 'மிக நன்று' என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். கையெழுத்துக்குக் கீழே பதவியை எழுத வேண்டும். 'துறைத் தலைவர்' என்று முதல்முறை எழுதுகிறேன். எழுத்து கோணலாக வந்தது.

நீட்டினேன். அவள் கை நீட்டவில்லை.

"அந்த நாற்காலியில வைங்க. எடுத்துக்கிடுதேன்."

வைத்தேன்.